ஊர் ஏக்கமும் உயர்தரப் படிப்பும்

(மாணவர் விடுதி ஒன்றில் புதிதாய்ச் சேர்ந்த மாணாக்கர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைக் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். கல்வி பெருமையுடையது என்பது தெரியாமலா நீங்கள் மாட்டை விற்றும் தோட்டை அடகு வைத்தும் பிள்ளைகளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள்? உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திருப்பிச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதில் பேசுகிறவனுக்கு லாபம் இருக்கலாம், கேட்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆகையால் தலைவர் அவர்களின் அனுமதியின் பேரில் வேறொரு விஷயத்தைப் பேசலாமென்று நினைக்கிறோம். நீங்களெல்லாம் சாயங்காலம் பஸ் ஏறிப் போன பிறகு, இந்தப் பிள்ளைகளில் அநேகருக்கு இன்று ராத்திரியே வரப்போகிற ஒரு கஷ்டத்தைப் பற்றியது அது. ஊர் ஏக்கம் என்று அதற்குப் பெயர்.

ஊர் ஏக்கம் இன்னதென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் நெஞ்சை அடைக்கும். சோற்றில் கை வைத்தால் உள்ளே இறங்காது. புஸ்தகத்தைத் திறந்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியுமேயொழிய விஷயம் மண்டையில் ஏறாது. சாவியை எங்கே வைத்தோம், பேனாவை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். வயிற்று வலி, தலைவலி என்று படுத்துக்கொள்ளத் தோன்றும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சத்தம் வெளியே வராமல் அழுகை வரும். மறுநாள் காலையில் "கண் ஏனப்பா சிவந்திருக்கிறது?" என்று எவனாவது கேட்டால், "கொசு, தூங்கவில்லை" என்று பதில் வரும். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று யாரோ ஒரு மடையன் எப்போதோ சொல்லிவைத்துவிட்டுப் போனதால், பையன்களுக்கு ஏக்கத்தோடு இந்தப் பொய்யும் சேர்ந்த பாரம்.

"இதென்ன பெரிய விஷயம்? இரண்டு நாள் அழுவான், மூன்றாம் நாள் சரியாய்ப் போய்விடுவான்" என்று சிலர் நினைக்கலாம். அநேகருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுவது உண்மைதான். ஆனால் சரியாகாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தீர்களா? நாலு தலைமுறையாய்ப் படித்த வீட்டுப் பையன் அப்படித் திரும்பினால், "அந்த ஊர்த் தண்ணீர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி, பக்கத்திலே வேறொரு காலேஜில் பணம் கட்டிச் சேர்த்துவிடுவார்கள். அவன் புத்தியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதே ஏக்கத்தோடு ஒரு கூலிக்காரன் மகன் திரும்பினால் ஊர் என்ன சொல்லுகிறது? "அதுகளுக்கெல்லாம் படிப்பு ஏறுமா? தலையில் எழுதியிருந்தால்தானே வரும்!" என்று சொல்லுகிறது. மேலத் தெரு மாத்திரமல்ல, அவனுடைய சொந்த மாமனும் அத்தையுமே அப்படிச் சொல்லுகிறார்கள். பையனும் அதை நம்பிவிடுகிறான். அவனைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரன் தன் பெண்ணைப் படிக்க அனுப்பாமல் நிறுத்திவிடுகிறான். வியாதி ஒன்றே. ஒருவனுக்கு அது தண்ணீரின் குற்றமாகவும், மற்றொருவனுக்குப் பிறவியின் குற்றமாகவும் ஆகிவிடுகிறது. இதற்காகவே இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த ஏக்கம் நம்மவர்களுக்கு மாத்திரம் உள்ள கோழைத்தனம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஸ்விட்சர்லாந்து தேசத்தில் பாசல் என்ற ஊரில் ஒரு பழைய சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே வைத்தியம் படித்துக்கொண்டிருந்த யோஹன்னஸ் ஹோஃபர் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் 1688-ம் வருஷத்தில் இந்த ஏக்கத்தைப் பற்றியே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினான். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவன்தான் இதற்கு நாஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தான். இன்றைக்குப் பழைய சினிமாப் பாட்டைக் கேட்டால் வருகிற இனிப்பான நினைப்பை அந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அது உண்டான காலத்தில் அது ஒரு வியாதியின் பெயர்.

அந்தக் கட்டுரையில் அவன் ஒரு மாணவனுடைய கதையைச் சொல்லுகிறான். பெர்ன் என்ற ஊரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த வாலிபன் அவன். இரண்டு ஊருக்கும் இன்றைக்கு ரயிலில் ஒரு மணி நேரப் பிரயாணம்தான். வந்தவன் வெகு நாள் சோகமாயிருந்தான். பிறகு காய்ச்சல் வந்தது. நெஞ்சுப் படபடப்பு வந்தது. நாளுக்கு நாள் மோசமாகிப் பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். அவனுக்காகப் பொதுப் பிரார்த்தனையும் நடத்தினார்கள். பிரார்த்தனையால் காய்ச்சல் ஒரு டிகிரி கூட இறங்கவில்லை. கடைசியில் எனிமா கொடுப்பதற்காக மருந்துக் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பையனைப் பார்த்த மாத்திரத்தில், "இவனுக்கு இருப்பது ஊர் ஏக்கம், ஊருக்கு அனுப்புவதைத் தவிர வேறு மருந்தில்லை" என்று சொல்லிவிட்டார். சாகக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். பாசலை விட்டுச் சில மைல் போனவுடனேயே அவனுக்கு மூச்சு சரியாய் வர ஆரம்பித்தது. பெர்ன் போய்ச் சேருவதற்கு முன்னேயே முழுவதும் குணமாகிவிட்டான். பெரிய வைத்தியர்களுக்கும் பாதிரிமார்களுக்கும் தெரியாதது எனிமா கொடுக்க வந்தவருக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவர் ஒருவர்தான் வியாதியைப் பார்க்காமல் பையனைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு படித்தவர்கள் அடித்த கூத்தையும் சொல்ல வேண்டும். ஷாய்க்ஸர் என்ற ஸ்விட்சர்லாந்துப் பண்டிதர் 1700-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். மலையில் லேசான காற்றிலே பிறந்து வளர்ந்தவர்கள் சமவெளிக்கு இறங்கி வந்தால், அங்குள்ள கனத்த காற்று உடம்பை அமுக்கி இரத்தத்தை ஓடவிடாமல் செய்கிறது என்றும், ஊருக்கு அனுப்ப முடியாவிட்டால் ஒரு குன்றின் மேலாவது கோபுரத்தின் மேலாவது கொண்டுபோய் வைத்தால் குணமாகுமென்றும் எழுதினார். அப்படியானால் மணப்பாறையிலிருந்து திருச்சிக்கு வந்து அழுகிற பையனை மலைக்கோட்டை மேல் உட்காரவைத்தால் போதும்! நம் ஊர் ஜோசியர்களை நினைத்து நாம் வெட்கப்படுகிறோம். படித்தவர்களும் காரணம் தெரியாத இடத்தில் எதையாவது ஒன்றைச் சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் வித்தியாசம் என்னவென்றால், அந்தத் தேசத்தில் அடுத்து வந்தவன் அதைத் தப்பென்று காட்டினான், அவர்களும் விட்டுவிட்டார்கள். நம் தாயத்து மாத்திரம் தப்பென்று தெரிந்த பிறகும் அரைஞாணிலிருந்து இறங்குவதில்லை.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில், வடக்குப் பட்டாளத்து வைத்தியர்கள் இந்த வியாதிக்காரர்கள் என்று 5,000-க்கு மேற்பட்ட சிப்பாய்களைக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். எழுபதுக்கு மேற்பட்டவர்கள் அதனாலேயே இறந்ததாகவும் பதிந்திருக்கிறார்கள். அக்காலத்து வைத்தியத்தில் வேறு வியாதிகளும் அந்தக் கணக்கில் கலந்திருக்கலாம். ஆனாலும் துப்பாக்கி பிடித்த ஆண்களே வீட்டை நினைத்துப் படுத்தார்கள் என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளை படுப்பதில் என்ன வெட்கம்?

நிற்க. இப்போது மனோதத்துவக்காரர்கள் இதை வேறு விதமாய் ஆராய்கிறார்கள். ஸ்காட்லாந்தில் டண்டி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷெர்லி ஃபிஷர் என்ற அம்மையார் 1980-களில் புதிதாய்ச் சேர்ந்த மாணவர்களைச் சேருவதற்கு முன்பும் சேர்ந்த பின்பும் விசாரித்துப் பார்த்தார். வீட்டைவிட்டு வந்தவர்களுக்கு மாத்திரமல்லாமல், வீட்டிலிருந்தே போய்வந்தவர்களுக்கும் முதல் பருவத்தில் மனச்சோர்வும் ஞாபக மறதியும் கூடியிருந்தன. ஊர் ஏக்கம் உள்ளவர்களுக்கு அது இன்னும் அதிகமாயிருந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? பழைய இடத்தை இழந்த வலி ஒன்று. புதிய இடத்தின் பாரம் ஒன்று. இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே தலையில் ஏறுகின்றன. அந்தச் சமயத்தில் அவன் வாங்குகிற மார்க்கை வைத்து அவன் மூளையை அளப்பது, காய்ச்சல்காரனை ஓடவிட்டு அவன் காலை அளப்பது போன்றதேயாகும். மேலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் இந்த நினைப்பு அதிகமாய் வருகிறது என்றும், ஓடியாடிக் காரியம் செய்கிறபோது குறைகிறது என்றும் அந்த அம்மையார் கண்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெண்பிள்ளைகள் விஷயத்தில் வேண்டியிருக்கும்.

இனி நமக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் சிலரைப் பார்ப்போம். காந்தியார் 1888-ல் பதினெட்டாவது வயதில் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குப் போனார். அவரைச் சேர்ந்த ஜாதிக்காரர்கள் பம்பாயில் கூட்டம் கூடிக் கடல் தாண்டக்கூடாதென்று தடுத்தார்கள். கேட்காததால் ஜாதியிலிருந்து தள்ளினார்கள். அவருக்கு உதவி செய்கிறவர்களுக்கும், கப்பல் ஏற்றிவிடப் போகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தாயாரிடத்தில் மாமிசம் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்திருந்தபடியால் அந்த ஊரில் அவருக்கு வயிறு நிறையச் சாப்பாடும் இல்லை. தாயை நினைத்து இரவெல்லாம் கண்ணீர் வடித்ததாகவும், தூங்க முடியவில்லை என்றும் அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். இந்த ஏக்கம் எப்படிப் போயிற்று? ஒரு நாள் தெருவில் அலைந்துகொண்டிருந்தபோது மரக்கறிச் சாப்பாட்டு ஹோட்டல் ஒன்று கண்ணில் பட்டது. வயிறு நிறைந்தது. பிறகு மரக்கறிச் சங்கத்தில் சேர்ந்தார். அதன் நிர்வாகக் கமிட்டியிலும் இடம் கிடைத்தது. அதாவது, பசி தீர்ந்தது. தன்னை ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டு உட்காரவைக்க நாலு பேர் கிடைத்தார்கள். அவருடைய மற்ற கொள்கைகளில் நமக்கு எவ்வளவோ அபிப்பிராய பேதம் உண்டு. அது இந்த இடத்தில் வேண்டாம்.

அந்த நாலு பேர் கிடைக்காதவர் கதையும் இருக்கிறது. அவர் நம் நாட்டவர். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன். கேம்பிரிட்ஜிலிருந்து 1913-ல் முதல் அழைப்பு வந்தபோது கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று அவர் போகவில்லை. பிறகு தாயார் சொப்பனத்தில் தெய்வம் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லி 1914-ல் புறப்பட்டார். ஒரு பெரிய மூளை கப்பலேறுவதற்குச் சொப்பனத்தின் தயவு வேண்டியிருந்தது! போகட்டும். அங்கே போய் என்ன செய்தார்? பிறர் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று தம் அறையிலேயே தனியாகச் சமைத்துக்கொண்டார். எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய மண்டபத்துக்கு அவர் போகவில்லை. கணக்கு வராதவன் கூடச் சாப்பாட்டு மேஜையில் சிநேகிதம் பிடித்துவிடுவான். அந்த வாசலை ஆசாரம் அடைத்துவிட்டது. வந்த சில மாதங்களில் மகா யுத்தம் ஆரம்பித்து ஊரிலிருந்து வருகிற சாமான்களும் கடிதங்களும் தடைப்பட்டன. மனைவி எழுதிய கடிதங்களை மாமியார் போய்ச் சேரவிடவில்லை என்று ஜானகி அம்மாளே பிற்காலத்தில் சொன்னார்.

குளிர் காலத்தில் ஒரு நாள், அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் என்ற வங்காளத்து மாணவர் அவரைப் பார்க்கப் போனார். இராமானுஜன் இராத்திரியில் குளிர் தாங்க முடியாமல் ஓவர்கோட்டையும் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்திருந்ததாகச் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் அதில் ஒன்றுக்கு மேல் ஒன்றாய் இருக்கின்றன! அந்த ஊர் வழக்கப்படி அவை ஓரத்தில் செருகி இறுக்கி விரிக்கப்பட்டிருந்தன. அதைத் தூக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியாது, கேட்பதற்கும் கூச்சம். கணிதத்தில் உலகமே அண்ணாந்து பார்த்தவர் கம்பளியின் மேலே படுத்துக் குளிரில் நடுங்கினார். மகலனோபிஸ் கம்பளியைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தார். தோழர்களே! இதில் எவனுக்காவது இராமானுஜனுடைய புத்தியைப் பற்றிச் சந்தேகம் வருமா? அப்படியிருக்க, மெஸ்ஸில் டோக்கன் எங்கே வாங்குவது என்று தெரியாமல் பட்டினி கிடக்கிற கிராமத்துப் பையனை மாத்திரம் ஏன் மட்டி என்கிறீர்கள்?

மற்றொரு சமயம் அவர் சிநேகிதர்களை அழைத்துத் தம் கையால் ரசம் வைத்து விருந்து போட்டார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்ட பெண்மணிகள் மூன்றாந்தரம் போதும் என்றார்கள். அதற்கே மனம் உடைந்து ஒருவரிடத்திலும் சொல்லாமல் எழுந்து வெளியூர் போய்விட்டார். சில நாள் கழித்துப் பணம் கேட்டுத் தந்தி வந்த பிறகே அவர் இருக்கிற இடம் தெரிந்தது. ரசத்திலா இவ்வளவு இருந்தது? அந்நிய ஊரில் அவருக்குக் கொடுப்பதற்கு இருந்த ஊர் அந்த ரசம் ஒன்றுதான். 1918-ல் உயிரை விட்டுவிடவும் அவர் துணிந்தார். நல்ல வேளையாய்த் தப்பினார். 1919-ல் வியாதியோடு ஊர் திரும்பி, 1920-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் முப்பத்திரண்டாவது வயதில் இறந்துபோனார். ஏக்கத்தால் இறந்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருக்குச் சரீர வியாதி இருந்தது. ஆனால் நல்ல சாப்பாடும், பேச்சுத் துணையும், கைக்கு வந்து சேருகிற கடிதமும் இருந்திருந்தால் அந்த ஐந்து வருஷம் அவருக்கு வேறு விதமாய்ப் போயிருக்கும்.

டாக்டர் அம்பேத்கர் 1913-ல் நியூயார்க்குக்குப் படிக்கப் போனார். அவருக்கு அங்கே நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஐந்து வருஷம் இருந்ததில் தாம் தீண்டப்படாதவர் என்கிற நினைப்பே மனதை விட்டுப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். 1917-ல் உத்தியோகத்துக்காகப் பரோடாவில் வந்து இறங்கினார். இறங்கியவுடன் எங்கே போய்த் தங்குவது என்பதே கேள்வியாயிற்று. பார்சிக்காரர் விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்க வேண்டி வந்தது. அங்கிருந்தும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். சொந்த தேசத்தில் தலை சாய்க்க இடமில்லை. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. இதைப் பார்த்தால் ஊர் என்பது மண்ணிலும் தண்ணீரிலும் மாத்திரம் இருக்கிறதா? தன்னை மனிதனாய் நினைக்கிற நாலு பேர் இருக்கிற இடத்தையல்லவா மனம் ஊர் என்று தேடுகிறது? ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாத கிராமத்திலிருந்து வந்த பிள்ளைக்கும் இங்கே வந்தால் ஏக்கம் வரத்தான் வருகிறது. அது கிணற்றுக்காரனை நினைத்து வருவதல்ல. தன் குடிசையில் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற தாயை நினைத்து வருவது.

ஆகவே, இங்கே இவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. இப்போது நம் நாட்டில் சர்க்கார் செய்திருப்பது கொஞ்சமல்ல. சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020-ல் வைத்தியப் படிப்பிலும், 2021-ல் இன்ஜினீயரிங், விவசாயம், சட்டம் முதலியவற்றிலும் 7.5 சதவிகிதம் இடம் ஒதுக்கினார்கள். சர்க்கார் பள்ளியில் படித்துக் காலேஜுக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் வந்தது; அதற்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரையே வைத்தார்கள். 2024-ல் பையன்களுக்கும் அதுபோலவே வந்தது. இவ்வளவும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிற காரியம். வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

நமக்குத் தெரிந்த ஒரு காலேஜில் முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து இங்கிலீஷில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்களாம். தமிழில் படித்துப் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய ஒரு பெண் எழுந்து பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், அதற்கு மேல் வரவில்லை, பின்னாலிருந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண் ஒரு வாரம் மெஸ்ஸுக்கே போகவில்லை. இதற்கு ஊர் ஏக்கம் என்று பேர் வைத்துப் பெண்ணைக் குறை சொல்வதா? முதல் நாள் அவளைத் தமிழில் பேசவிட்டிருந்தால் எந்த இன்ஜினீயரிங் சாஸ்திரம் கெட்டுப்போயிருக்கும்? 2010 முதல் அண்ணா சர்வகலாசாலையில் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழிலேயே படிக்க வழி வந்திருக்கும்போது, பேரும் ஊரும் சொல்வதற்குத் தமிழ் ஆகாதா?

இன்னொன்று. புதிதாய் வந்தவனைப் பார்த்து, "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். சொல்லுவான். "அந்த ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். பிறகு, "உன் சாமி எந்தச் சாமி?" என்று கேட்பார்கள். எதற்கு இந்தக் குறுக்கு விசாரணை என்று கேட்பவனுக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததற்காக 1925-ல் நாடே இரண்டுபட்டது. வீட்டைவிட்டு வந்த சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டு இடத்தில்தான் அந்தப் போர் நடந்தது என்பதைக் கவனியுங்கள். இன்று தனிப் பந்தி என்று பலகை போடமாட்டார்கள். அவன் வந்து உட்கார்ந்தால் மெதுவாய்த் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போவார்கள். பலகையாவது படித்துவிட்டு எதிர்த்துப் பேசலாம். நகர்ந்துபோன தட்டை எப்படி எதிர்த்துப் பேசுவது? அவன் போய்ப் போர்வையை மூடிக்கொள்ளுகிறான். "ஊர் நினைப்பில் இருக்கிறான்" என்று வார்டன் எழுதிவைக்கிறார்.

இனிப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை போனில் அழுதால் உடனே கண்ணேறு என்றும், கிரகம் சரியில்லை என்றும் சொல்லி, மந்திரித்த கயிற்றையும் விபூதியையும் கூரியரில் அனுப்புகிறீர்கள். கயிறு ஒன்றும் செய்யாது என்பது மாத்திரமல்ல; தன் மேல் எதுவோ பிடித்திருக்கிறது என்கிற பயத்தையும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தச் செலவில் ஒரு பொட்டலம் இட்லிப் பொடி அனுப்புங்கள். நாலு பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் நாலு சிநேகிதராவது ஆகும். இன்னும் சிலர், "அப்பா கடனாளியாய் நிற்கிறேன், நீ அழுகிறாயா?" என்று அதட்டுகிறார்கள். அழுகையோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்தால் பாரம் இரட்டிக்குமே தவிரக் குறையாது.

வேறு சிலர் அன்பு மிகுதியால், "இரு கண்ணு, பிடிக்கவில்லையானால் நாளைக்கே வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்கிறார்கள். இது எல்லாவற்றிலும் கெடுதலானது. அமெரிக்காவில் தர்பர் என்ற மனோதத்துவ நிபுணர் வீட்டைவிட்டு முகாம்களில் தங்கும் பிள்ளைகளைப் பல வருஷம் ஆராய்ந்தவர். 2012-ல் வால்டன் என்பவரோடு சேர்ந்து சர்வகலாசாலை மாணவர்களைப் பற்றியும் எழுதினார். வந்து அழைத்துப்போகிறேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது என்பது அவர் பெற்றோருக்குச் சொல்லும் புத்தி. அப்படிச் சொன்னால் உன்னால் இங்கே இருக்க முடியாது என்று நீங்களே தீர்ப்பு எழுதிக் கையில் கொடுத்ததாகிறது. அவர் கண்ட மற்றொன்று, போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதில் தனக்குச் சொல் இல்லாத பிள்ளைக்கு ஏக்கம் அதிகம் என்பது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மாமா சொன்ன காலேஜ், ஜோசியர் சொன்ன திசை, பக்கத்து வீட்டுக்காரன் பையன் எடுத்த பாடம். எல்லோரையும் கேட்டீர்கள், படிக்கப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா? முன்னமேயே இரண்டு இரவு அத்தை வீட்டிலோ மாணவர் முகாமிலோ தனியே தங்கிப் பழகியவர்களுக்கு ஏக்கம் குறைவு என்பதும் கண்ட விஷயம். பதினேழு வருஷம் ஊட்டிவிட்டு, பதினெட்டாம் வருஷம் திடீரென்று தனியே விட்டால் பிள்ளை திண்டாடாமல் என்ன செய்யும்?

செல்போன் ஏக்கத்தைக் குறைக்குமா, கூட்டுமா என்று கேட்கிறார்கள். இரண்டும் செய்யும். ஒரு நேரம் குறித்து, "இன்று யாரோடு சாப்பிட்டாய்? என்ன படித்தாய்?" என்று கேட்டுவிட்டு வைத்தால் குறைக்கும். மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டு, ஆட்டுக்குட்டியையும் அடுப்பங்கரையையும் வீடியோவில் காட்டி, "நீ இல்லாமல் சோறே இறங்கவில்லை" என்று அழுதால், உடம்பு மாத்திரம் ஹாஸ்டலில், மனம் அடுப்பங்கரையில்.

பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறோம். சாயங்கால வேளையும் சும்மா இருக்கும் வேளையுமே ஏக்கத்தின் வேளை என்று முன்னே சொன்னோம். பையன்கள் அந்த நேரத்தில் பந்து விளையாடுகிறார்கள், டீக்கடைக்குப் போகிறார்கள், நூல்நிலையத்துக்குப் போகிறார்கள். பெண்களைச் சரியாய் அந்த நேரத்துக்கே உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டுகிறார்கள் அநேக ஹாஸ்டல்களில். விளையாட்டு இடம் இல்லை, நூல்நிலையம் இல்லை, நாலு சுவரும் போனும்தான். பிறகு, "பெண்கள்தான் அதிகம் அழுகிறார்கள், அவர்கள் மனம் பலவீனம்" என்கிறார்கள். நாளைக்கே பையன்களை ஆறு மணிக்கு உள்ளே போட்டுப் பூட்டிப் பாருங்கள், பலம் தெரியும். பாதுகாப்பு வேண்டுமானால் நூல்நிலையத்துக்குப் போகிற வழியில் விளக்குப் போடட்டும். பூட்டு எதற்கு?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். வாரங்கள் கழிந்தும் குறையாமல், தூக்கம் சாப்பாடு இரண்டும் போய், ஒருவரோடும் பேசாமல், இருந்து என்ன பயன் என்று ஒரு பிள்ளை சொல்ல ஆரம்பித்தால் அது வெறும் ஏக்கமல்ல. அது வைத்தியர் பார்க்க வேண்டிய வியாதி. மனோவைத்தியரிடம் போவது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பதுதான் பைத்தியக்காரத்தனம். 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் எந்த நேரத்திலும் போன் செய்து தமிழிலேயே பேசலாம். 2022-ல் இந்த ஏற்பாடு வந்தது. வார்டன் அவர்கள் அந்த எண்ணைத் தம் அறைக்குள் ஒட்டாமல், சாப்பாட்டு இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். சில வேளை ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதே நல்ல மருந்தாயிருக்கும். அந்த பெர்ன் ஊர் வாலிபனைப் போல. அப்படி வருகிற பிள்ளையைப் படிப்பு ஏறாதவன் என்று எவனாவது சொன்னால், வாயை மூடு என்று சொல்லவேண்டியவர் தகப்பனார்தான். சொல்லிவிட்டு, திரும்பப் போகிற தேதியைப் பிள்ளையோடு உட்கார்ந்து குறிக்க வேண்டும்.

கடைசியாகப் பழைய மாணாக்கர்களுக்கு ஒரு வேலை. இன்று வந்திருக்கும் புதியவர்களில் பலருக்கு மெஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாது. மாடிக் கக்கூஸில் தண்ணீர் எப்படித் திறப்பது என்று தெரியாது. பாங்கியில் எந்தப் பாரத்தில் எழுதுவது, உதவிச் சம்பள விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது, நோய் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. கேட்கமாட்டார்கள், கூச்சப்படுவார்கள். ராகிங் என்ற பேரில் அவர்களை நிறுத்திவைத்துப் பாட்டுப் பாடச் சொல்வதற்கு உங்களுக்கு நேரமிருக்குமானால், இதற்கும் நேரமிருக்கும். இன்று ராத்திரி ஒவ்வொருவரும் ஒரு புதிய மாணாக்கனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். ஊரைக் கேளுங்கள். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். பெண்கள் விடுதியிலும் இப்படியே செய்யும்படி அங்கிருந்து வந்திருக்கும் தோழியர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

தெற்கே போகிற கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருக்கிறதென்று தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார். பெற்றோர்கள் பிள்ளைகளோடு பேச நேரம் வேண்டும்.